மகள் றக்பி ஆடப் போகிறேன் என்கிறாள்

கேள்வி: எனக்கு ஒரே மகள், வயது 17. உயர்தரம் உயிரியல் பிரிவில் படிக்கிறாள், அடுத்த வருடம் பரீட்சை. சின்ன வகுப்பிலிருந்தே வலைப்பந்தாட்டம் ஆடுகிறாள். போன வருடம் கபடியிலும் மாகாண மட்டம் வரை போனாள். அங்கே அவளைப் பார்த்த ஒரு பயிற்றுநர், பாடசாலை விடுமுறையில் கொழும்பில் நடக்கும் பத்து நாள் பெண்கள் றக்பி முகாமுக்குக் கூப்பிட்டிருக்கிறார். அன்றிலிருந்து போனில் வெளிநாட்டுப் பெண்களின் றக்பிதான் ஓடுகிறது. "நானும் நாட்டுக்கு ஆடுவன். அதுதான் என்ர வேலை" என்கிறாள். தகப்பனோ ஒரேயடியாக மறுத்துவிட்டார். "உதுக்குள்ள காலை வைச்சால் கடைசியில ஆமியிலதான் கொண்டுபோய் விடும்" என்பது அவருடைய கதை. மாமியோ, கழுத்து முறியும், நாளைக்குப் பிள்ளை பெறவும் ஏலாது என்கிறா. தகப்பனும் மகளும் கதைத்து இரண்டு கிழமையாகிறது. இது ஒரு தொழிலா? பெண் பிள்ளையின் உடம்பு தாங்குமா? அனுப்பவா, மறிக்கவா?
– ஒரு தாய், மானிப்பாய்

அன்புள்ள தங்கச்சி,

பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். இரண்டு கிழமையாக வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை என்கிறீர்கள், உங்களை இன்னும் காக்க வைக்கக்கூடாது. முகாமுக்கு அனுப்புங்கள். உயர்தரப் படிப்பில் கை வைக்க விடாதீர்கள். "அதுதான் என்ர வேலை" என்று மகள் சொன்னதை மட்டும் அவளோடு இருந்து ஆறுதலாகக் கதையுங்கள். இன்றைய இலங்கையில் ஒரு பெண் றக்பியை நம்பி அடுப்பு மூட்ட முடியாது. ஒரு படிப்போ வேலையோ கையில் இருந்தால், அதன் பக்கத்தில் றக்பியை மிக உயரத்துக்குக் கொண்டுபோகலாம். நான் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்), இருபது வருடத்துக்கு மேலாக விளையாட்டுப் பிள்ளைகளின் முழங்காலையும் தோளையும் பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மகள் போனில் என்ன பார்த்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். 2025 செப்டெம்பரில் லண்டன் டுவிக்கன்ஹாம் அரங்கில் நடந்த பெண்கள் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. 81,885 பேர் நேரில் வந்து பார்த்தார்கள். இங்கிலாந்து கனடாவை 33–13 என்று வென்றது. எங்கள் நேரத்துக்கு அது இரவு. நானும் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு அதைத்தான் பார்த்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிள்ளைக்கு மயிர்க்கூச்செறியாவிட்டால்தான் ஆச்சரியம்.

அந்த இரவுக்குப் பின்னால் கிடக்கும் வருடங்களையும் அவள் தெரிந்துகொள்ளட்டும். முதல் பெண்கள் உலகக் கிண்ணம் 1991இல் வேல்ஸில் நடந்தது. அதை ஒழுங்கு செய்தவர்கள் லண்டன் ரிச்மண்ட் கழகத்தைச் சேர்ந்த நான்கு பெண்கள். சோவியத் அணி கையில் காசில்லாமல் வந்திறங்கி, கொண்டுவந்த வொட்காவைத் தெருவில் விற்றுச் செலவைச் சமாளிக்கப் பார்த்தது. 2014இல் இங்கிலாந்து உலகக் கிண்ணத்தை வென்றபோது அணித்தலைவி கேட்டி மக்ளீன் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. அதே அணியில் முன்வரிசையில் ஆடிய சோஃபி ஹெமிங் மிருக வைத்தியர். உலகத்தையே வென்றவர்கள், வகுப்பறையிலும் மாட்டுத் தொழுவத்திலும் வேலை செய்துகொண்டே ஆடியவர்கள். பக்கத்துக்குப் பதினைந்து பேர் ஆடும் றக்பிக்கென்று இங்கிலாந்து 28 பெண்களுக்கு முழுநேரச் சம்பள ஒப்பந்தம் கொடுத்தது 2019 ஜனவரியில்தான். அடுத்த வருடம் கொரோனா வந்ததும் அதே நாட்டில், ஒலிம்பிக்கில் ஆடப்படும் எழுவர் றக்பிக்கான ஒப்பந்தங்கள் நிறுத்தப்பட்டன. ஒலிம்பிக் கனவோடு தினமும் பயிற்சி செய்துகொண்டிருந்த பெண்கள் ஒரே மாதத்தில் வேலை தேட வேண்டி வந்தது. காசுள்ள நாட்டிலேயே இதுதான் நிலைமை.

எங்கள் நாட்டுக்கு வருவோம். இங்கே பெண்கள் ஆடுவது பெரும்பாலும் எழுவர் றக்பி. பக்கத்துக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிடம். மைதானமோ பதினைந்து பேர் ஆடும் அதே முழு மைதானம். அதனால் ஓடத் தெரிந்த பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம். 2022இல் பேர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் ஆடிய எட்டுப் பெண்கள் அணிகளில் இலங்கையும் ஒன்று. நியூசிலாந்து, கனடா, இங்கிலாந்து இருந்த பிரிவில் அகப்பட்டுப் பெரிய தோல்விகளைக் கண்டார்கள். தோல்வியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அந்த மூன்று அணிகளோடும் ஒரே புல்லில் நின்றார்கள், அதுவே பெரிய விஷயம். ஆனால் அடுத்த வருடமே, 2023 மே மாதம், நிர்வாகச் சிக்கல்களால் உலக றக்பி அமைப்பு இலங்கை றக்பி நிர்வாகத்தைச் சில மாதங்கள் இடைநிறுத்தி வைத்தது. நிர்வாகத்தில் யாரோ விடும் பிழைக்கும் ஆட்டக்காரிதான் பழி சுமப்பாள். இருபது வயதுப் பெண்ணுக்குச் சில மாதம் என்பது சின்ன நட்டமல்ல.

இப்போது உங்கள் வீட்டுக்காரரின் கதை. அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது, தங்கச்சி. இலங்கைப் பெண்கள் றக்பியில் பெரும்பாலான ஆட்டக்காரிகள் முப்படைகளிலும் பொலிஸிலும் இருந்துதான் வருகிறார்கள். காரணம் மறைவானதல்ல. அங்கே மாதச் சம்பளம், மைதானம், மருத்துவர், பயிற்சிக்கு நேரம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. வெளியே நிற்கும் பெண் இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆகவே அவர் கற்பனையில் பயப்படவில்லை. ஆமி என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இங்கே வீட்டுக்கு வீடு ஒரு கதை இருக்கிறது. உங்கள் வீட்டுக் கதை என்னவென்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். "காலம் மாறிவிட்டது, மறந்துவிடுங்கள்" என்று அவரிடம் யாரும் போய்ச் சொல்ல வேண்டாம். மகளும் சொல்லக்கூடாது.

அவரிடம் சொல்லக்கூடியது வேறொன்று. நாட்டுக்கு ஆட வேண்டுமானால் படையில் சேர வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. சிவில் கழகங்களிலும் பெண்கள் ஆடுகிறார்கள், எண்ணிக்கைதான் குறைவு. பத்து நாள் முகாமுக்குப் போவது எதற்கும் கையெழுத்து வைப்பதாகாது. அதை அவர் தன் வாயாலேயே பயிற்றுநரிடம் கேட்டுத் தெளியட்டும். "எங்கட பிள்ளை படையில சேரமாட்டா. சேராமல் இந்த நாட்டில எவ்வளவு தூரம் போகலாம்?" என்று நேரடியாகக் கேட்கட்டும். நல்ல பயிற்றுநர் மழுப்பாமல் பதில் சொல்வார். மழுப்பினால் அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்.

அந்தக் கேள்விக்கு என்னுடைய பதிலையும் சொல்கிறேன். படையில் சேராத யாழ்ப்பாணப் பிள்ளைக்குத் திறந்திருக்கும் நல்ல வழி பல்கலைக்கழகம். அவள் உயிரியல் படிக்கிறாள் என்று வாசித்ததும் எனக்குப் பெரிய ஆறுதல். இயன்மருத்துவப் பட்டம் கொழும்பிலும் பேராதனையிலும் இருக்கிறது. விளையாட்டு விஞ்ஞானத்துக்கு சப்ரகமுவவும் ஸ்ரீ ஜயவர்தனபுரவும். இந்த இடங்களில் படிக்கப் போனால் கழகமும் மைதானமும் பஸ் தூரத்துக்குள் வந்துவிடும். இங்கேயே தாதியியல் படித்தால் படிப்பு வீட்டுக்குக் கிட்ட, ஆட்டம் தூர. விளையாட்டில் தேசிய மட்டத்தில் திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடும் உண்டு, அதன் நிபந்தனைகளைப் பாடசாலையில் கேட்டு வையுங்கள். அமெரிக்காவின் இலோனா மாரை உங்கள் மகளுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். இன்று உலகத்தில் பெயர் அதிகம் அடிபடும் றக்பி ஆட்டக்காரி அவர்தான், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியில் ஆடியவர். அவர் றக்பி தொடங்கியது 17 வயதில். தாதியியல் பட்டதாரியும்கூட. அவருடைய வீடியோவை நூறு தரம் பார்த்த பிள்ளையிடம் இந்தக் கடைசி விஷயத்தையும் ஒருதரம் ஞாபகப்படுத்துங்கள்.

பிந்தித் தொடங்குகிறாளே என்று கவலைப்படாதீர்கள். நியூசிலாந்தின் போர்ஷியா வுட்மன் உயர் மட்டத்தில் வலைப்பந்தாட்டம் ஆடியவர். 2012இல் அந்த நாட்டு றக்பிக்காரர்கள் வேறு விளையாட்டுப் பெண்களைத் தேடியபோது இந்தப் பக்கம் வந்தார். பிறகு ஒலிம்பிக்கில் 2016இல் வெள்ளி, டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கம். வலைப்பந்தாட்டக்காரிக்கு உயரத்தில் வரும் பந்தைப் பிடிக்கத் தெரியும், ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தத் தெரியும். எங்கள் பிள்ளைகளிடம் இன்னொன்றும் இருக்கிறது. கிளித்தட்டு ஆடி வளர்ந்தவள் என்றால், கோட்டில் நிற்பவளை ஒரு பக்கம் இழுத்துவிட்டு மற்றப் பக்கம் பாய்வது அவளுடைய காலுக்கே தெரியும். எழுவர் றக்பியில் பாதி வித்தை அதுதான். ஒரு யாழ்ப்பாணப் பெண்ணால் உலக அரங்கு வரை போக முடியுமா என்று மாமி கேட்டால், வலைப்பந்தாட்டத்தில் தர்ஜினி சிவலிங்கத்தைக் காட்டுங்கள். 2019 உலகக் கிண்ணத்தில் ஆகக் கூடிய கோல்கள் போட்டவர் அவர், அவுஸ்திரேலியாவிலும் கழக அணிக்கு ஆடியவர்.

சரி, உடம்பு. என் தொழில் இதுதான், இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

மாமி சொல்லும் கழுத்துப் பயம் வெறும் பயமில்லை. இங்கிலாந்தின் எமிலி ஸ்காரட் 18 வயதில் நாட்டுக்கு ஆடத் தொடங்கி, 119 சர்வதேசப் போட்டிகளும் ஐந்து உலகக் கிண்ணங்களும் கண்டு 2025இல் ஓய்வு பெற்றார். இடையில் கழுத்துக்குச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது. மோதல் விளையாட்டில் கழுத்துக்கும் தோளுக்கும் தலைக்கும் ஆபத்து உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் பெற்றோர் பயப்படும் இடமும் உண்மையான ஆபத்து இருக்கும் இடமும் வேறு வேறு. பத்துப் பேர் குவியலாகக் கட்டிப் புரளும் படத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். நான் பயப்படுவது, பந்தோடு ஓடி வருபவளை ஒரு பிள்ளை தனியே மறித்துப் பிடிக்கும் அந்த ஒரு கணத்துக்குத்தான். றக்பிக் காயங்களில் பெரும் பங்கு அங்கேதான் பிறக்கிறது.

போன மாரிக்கு முன்னம் ஒரு பின்னேரம், என்னிடம் வந்த கபடிப் பிள்ளை ஒருத்திக்குப் பழைய பஞ்சு மெத்தையைச் சுருட்டி, உடுப்புக் காயப்போடும் கயிற்றால் கட்டி நிமிர்த்தி வைத்து இதைச் சொல்லிக் கொடுத்தேன். முதல் தரம் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து, இரண்டு கையையும் நீட்டியபடி பாய்ந்தாள். கபடியில் கணுக்காலைப் பிடித்துப் பழகிய பாய்ச்சல். மெத்தை விழுந்தது உண்மைதான். ஆனால் அவளுடைய தலை மெத்தைக்கு முன்பக்கம் போய்விட்டது. அது ஓடி வரும் ஆளாக இருந்தால், முழங்கால் நேரே நெற்றியில் இடித்திருக்கும். அவளை எழுப்பி, "தலை எந்தப் பக்கம் போக வேணும்?" என்று கேட்டேன். தெரியாது. தலை எப்போதும் ஓடுபவளின் பின்பக்கம். கன்னம் அவளுடைய இடுப்புக்குக் கீழே ஒட்ட வேண்டும். தொடையில் முதலில் படுவது தோள், பிறகுதான் கை சுற்ற வேண்டும். கடைசி மூன்று அடியைக் குறுக்கி வைத்து, பாயாமல் அடியெடுத்துப் போக வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும், பார்வை நிலத்தில் இல்லை, அவளுடைய காற்சட்டைக் கரையில். அன்றைக்கு நாற்பது தரம் செய்தோம். முதலில் நடந்து, பிறகு துள்ளு நடையில், கடைசியாக ஓட்டத்தில். இருபதுக்குப் பிறகு கண் மூடுவது நின்றது. முப்பதைத் தாண்டியபோது தலை தானாகவே சரியான பக்கம் போனது.

இதைத்தான் முகாமில் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். முதல் இரண்டு மூன்று நாளில் மெத்தையும் முழங்காலில் நின்று பிடிக்கும் பயிற்சியும் இல்லாமல், நேரே பிள்ளைகளை மோத விட்டார்கள் என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வரலாம். பணம் கட்டியிருந்தாலும் போனது போகட்டும். விழுவதையும் கற்பிக்க வேண்டும். நாடியை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு உருண்டு விழ வேண்டும். பெண் ஆட்டக்காரிகளுக்குத் தலை நிலத்தில் அடிபட்டு வரும் அதிர்ச்சி குறைவில்லை. ஆண்களோடு பார்த்தால் கழுத்துத் தசையின் பலம் குறைவாக இருப்பதும் அதற்கு ஒரு காரணம். அதற்கு வீட்டிலேயே மருந்து உண்டு. உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தள்ள வேண்டும், தலை அசையக்கூடாது, பத்துச் செக்கன். பிறகு பிடரி, வலம், இடம். இன்றைக்கே தொடங்கச் சொல்லுங்கள். முகாமுக்கு முன் ஒரு மாதம் கிடைத்தாலும் வித்தியாசம் தெரியும்.

தலையடி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதை எழுத எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெண்கள் உதைபந்தாட்டப் போட்டியில் முதலுதவிக்கு நின்றேன். இரண்டு பிள்ளைகளின் தலை மோதியது. ஒருத்தி எழும்பிச் சிரித்து, "ஏலும் மிஸ்" என்றாள். நானும் விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் என் பக்கமாக ஓடி வந்தவள், "இப்ப எத்தினை கோல், மிஸ்?" என்று கேட்டாள். சொன்னேன். ஐந்து நிமிடத்தில் திரும்பவும் வந்து அதே கேள்வி. மூன்றாம் தரம் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அன்றிரவு சத்தி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு மாதம் புத்தகத்தை விரித்தால் தலையிடி, வெளிச்சம் பட்டால் கண் கூசும். அது அவளுக்குப் பரீட்சை வருடம். பிழை என்னுடையது. ஒரு பிள்ளை "ஏலும்" என்று சொல்வதைக் கேட்டு நான் ஆட விட்டேன்.

இப்போது றக்பியில் இதற்குத் தெளிவான நடைமுறை உண்டு. தலையடி என்று சந்தேகம் வந்தாலே மைதானத்தை விட்டு வெளியே எடுக்க வேண்டும், அன்றைக்குத் திரும்ப ஆட விடக்கூடாது. முழுநேர மருத்துவக் குழு இல்லாத சாதாரண மட்டத்தில் குறைந்தது 21 நாள் போட்டி இல்லை, அதுவும் படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும். முகாமில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளில் முதலாவது இது: தலையில் அடிபட்டால் "இனி ஆட வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் யாரிடம்? பயிற்றுநரிடம் மட்டும் என்றால் எனக்குத் திருப்தியில்லை. வெல்ல வேண்டும் என்று நிற்பவரின் கையில் அந்த முடிவு இருக்கக்கூடாது. மகளிடமும் ஒரு சத்தியம் வாங்குங்கள். தலை சுற்றினால், கண் மங்கினால், சத்தி வருவதுபோல இருந்தால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சொன்னால் ஆட விடமாட்டார்கள் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் ஒளிப்பது.

முழங்கால் பற்றிச் சுருக்கமாக. றக்பிக்குப் பயப்படும் நீங்கள், வலைப்பந்தாட்டத்துக்கு இத்தனை வருடம் பயமில்லாமல் அனுப்பினீர்கள். என்னிடம் முழங்கால் சவ்வு அறுந்து வரும் பெண் பிள்ளைகளில் அதிகம் பேர் வலைப்பந்தாட்டக்காரிகள். யாரும் முட்டவில்லை, தள்ளவில்லை. துள்ளி ஒற்றைக் காலில் இறங்கியபோது முழங்கால் உள்ளே மடிந்தது, அவ்வளவுதான். பெண்களுக்கு இந்த ஆபத்து ஆண்களை விட அதிகம். சரியாக இறங்கப் பழகுவது, பின்தொடைத் தசையைப் பலப்படுத்துவது, ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் ஒழுங்கான வார்ம் அப் செய்வது, இவை அதைக் குறைக்கும். உலக றக்பி அமைப்பே இதற்கென்று "அக்டிவேட்" என்ற பயிற்சித் திட்டத்தை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. கால் மணி நேரம் போதும்.

பிள்ளை பெற ஏலாது என்ற கதையை இன்றோடு விட்டுவிடலாம். கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது, விழுந்து எழும்புவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. கர்ப்பமாக இருக்கும்போது மோதல் விளையாட்டு கூடாது என்பது வேறு விஷயம். இங்கிலாந்தின் அபி வார்ட் 2023இல் பிரசவித்து 17 வாரத்தில் மைதானத்துக்குத் திரும்பினார். அவ்வளவு அவசரம் எல்லோருக்கும் சரிவராது, அவருக்குப் பின்னால் ஒரு மருத்துவக் குழுவே நின்றது. ஆனால் மாமிக்குச் சொல்ல இந்தச் செய்தி உதவும்.

உண்மையில் நீங்கள் கவனிக்க வேண்டியது மாதவிடாயை. பயிற்சி கூடக் கூடச் சாப்பாடு கூடாவிட்டால் உடம்பு மிச்சம் பிடிக்கத் தொடங்கும், முதலில் நிற்பது மாதவிடாய்தான். "விளையாடுற பிள்ளைக்கு அப்பிடித்தான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று மாதம் வராவிட்டால் டொக்டரிடம் போக வேண்டும். விட்டால் எலும்பு பலவீனமாகும், பிறகு சின்ன விழுகைக்கே முறியும். சாப்பாட்டுக்குக் கடையில் விற்கும் மாவுப் பேணி ஒன்றும் வேண்டாம். மீன், முட்டை, பயறு, உளுத்தம் களி, முருங்கையிலை, கிடைக்கும்போது நண்டும் ஒடியற் கூழும். கீரையோடு தேசிக்காய்ப் புளி சேருங்கள், இரும்புச் சத்து நன்றாகப் பிடிக்கும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், அது இரும்பைத் தடுக்கும்.

நீங்கள் எழுதாவிட்டாலும், கட்டைக் காற்சட்டையைப் பற்றி ஊர் கதைக்கும் என்று எனக்குத் தெரியும். காற்சட்டைக்குள் கால் முழுக்க மூடும் லெகின்ஸ் போட்டு ஆட றக்பி விதியிலேயே பெண்களுக்கு அனுமதி உண்டு. அவள் போட விரும்பினால் போடட்டும். அதை அவளே தீர்மானிக்கட்டும்.

முகாமுக்குப் போகும்போது தனியே அனுப்ப வேண்டாம், தகப்பனும் போகட்டும். பத்து நாளும் தேவையில்லை, முதல் இரண்டு நாள் மைதானக் கரையில் இருந்து பார்த்தால் போதும். கோபத்தில் இருப்பவரிடம் எப்படிக் கேட்பது என்பீர்கள். "சம்மதமா?" என்று கேட்காதீர்கள். "இடம் எப்பிடி எண்டு நீங்கள் ஒருக்கா பாத்திட்டு வந்து சொல்லுங்கோ" என்று கேளுங்கள். எங்கட அப்பாமார் சம்மதம் சொல்ல மாட்டார்கள், பார்த்துவிட்டு வருவார்கள். மகளிடமும் பேசி வையுங்கள்: முகாம் முடிந்து வந்தால் பரீட்சை முடியும் வரை கிழமைக்கு இரண்டு நாள் ஓட்டம், இரண்டு நாள் உடற்பயிற்சி, மற்ற நேரம் புத்தகம். முகாமில் தெரிவாகாவிட்டால் உலகம் முடியவில்லை, 18 வயதில் திரும்பவும் போகலாம். தெரிவானால் அடுத்தது என்ன என்பதைப் பரீட்சைக்குப் பிறகு மூன்று பேரும் இருந்து பேசுங்கள். தேவைப்பட்டால் எனக்கு எழுதுங்கள்.

வெளிக்கிட முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது, பல்லுக்குக் காப்பு. கடையில் விற்கும், சுடுதண்ணியில் போட்டுக் கடித்து எடுக்கும் காப்பு அவசரத்துக்குத்தான் சரி. பல்வைத்தியரிடம் அச்செடுத்துச் செய்தால் வாயில் இறுக்கமாக நிற்கும், பேசலாம், மூச்சு முட்டாது. அது தலையடியைத் தடுக்காது, பல்லைத்தான் காக்கும். செய்து கையில் வரச் சில நாள் ஆகும், அதனால் இந்தக் கிழமையே போக வேண்டும். மகளைத் தகப்பனின் மோட்டார் சைக்கிளில் ஏற்றி அனுப்புங்கள். மானிப்பாயில் இருந்து ரவுணுக்கு இருபது நிமிட ஓட்டம். வழியில் இரண்டு பேரும் கதைக்காவிட்டாலும் பரவாயில்லை.